வெந்நீர்த் தீர்த்தங்களும் நீராடும் நெறியும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் திருக்கோயிலே பெருமையுடையது என்பது ஆன்றோர் கொள்கை. அவற்றுள் மூர்த்தி கண்ணாற் கண்டு தொழப்படுவது. தலம் காலால் நடந்து வலம் வரப்படுவது. தீர்த்தமோ உச்சி முதல் உள்ளங்கால் வரை உடம்பு முழுவதையும் தீண்டி நிற்பது. இறையருள் மெய்யைத் தீண்டும் வாயிலாக அமைந்தமையால் முன்னோர் தீர்த்தத்தைப் பெரிதும் போற்றினர். தீர்த்தம் என்னும் வடசொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் துறை என்பது முதற்பொருள். பிறவி என்னும் ஆற்றைக் கடக்கும் துறை எனப் பின்வந்தோர் அப்பொருளை விரித்தனர்.

ஆறு, குளம், கிணறு, சுனை, அருவி, கடல் எனத் தீர்த்தங்கள் பலவகைப்படும். இராமேசுவரத்தில் கடலே அக்கினி தீர்த்தம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஆயினும் அக்கடல் நீரில் தீயின் வெம்மை இல்லை. பெயரால் மட்டுமன்றித் தன்மையாலும் தீயின் கூறுடைய தீர்த்தங்கள் சில உள. அடுப்பும் விறகும் இன்றி, இரவும் பகலும், நிலத்தின் அடியிலிருந்து வெந்நீராகவே பொங்கி எழும் ஊற்றுக்கள் அவை. அவற்றில் நீராடி நோய் தணிந்தோர் பலர். நெறி தவறி நீராடித் தீங்குற்றோரும் உளர். ஆதலின் அத்தீர்த்தங்களின் பெருமையோடு அவற்றில் நீராடும் நெறியும் அறியத்தக்கது.

வதரியில் உறையும் தீக்கடவுள்

நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று திருவதரியாச்சிரமம். இக்காலத்தார் அதனைப் பத்ரிநாத் என்பர். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த தலம் இது. உத்தராகண்ட மாநிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில், நர நாராயண மலைகளுக்கு நடுவே அளகநந்தை ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. குளிர்காலத்தில் பனி மூடிவிடுதலால் ஆண்டில் ஆறு திங்கள் அளவே திருக்கதவம் திறந்திருக்கும்.

திருக்கோயிலுக்குக் கீழே, ஆற்றுக்கு மேலே, தப்த குண்டம் என்னும் வெந்நீர்த் தீர்த்தம் உள்ளது. தப்தம் என்பது சூடானது எனப் பொருள்படும். ஒருபுறம் பனி உருகி ஓடிவரும் அளகநந்தையில் விரல் வைத்தால் விறைத்துப் போகும். சில அடிகள் ஏறி வந்தால், 45 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டுடன் ஆவி பறக்கும் நீர் நிற்கும். இதில் நீராடிய பின்னரே பதரிநாராயணனைச் சேவிப்பது அங்குள்ள மரபு.

இத்தீர்த்தத்திற்குப் புராணம் ஒரு காரணம் கூறும். பிருகு முனிவர் ஒருகால் அக்கினிதேவனைச் சினந்து, எதனையும் விலக்காமல் உண்பவன் ஆகுக எனச் சபித்தார். தூயதும் தூய்மையற்றதும் ஆகிய எல்லாவற்றையும் உண்ண நேர்ந்த தீக்கடவுள் அப்பழி தீர வதரிக்கு வந்து தவம் செய்தான். திருமால் அவன் பழியைப் போக்கி, அவ்விடத்திலேயே உறையுமாறு அருள்புரிந்தார். அவன் உறைவதாலேயே அந்நீர் என்றும் சுடுகின்றது என்பர்.

இக்கதையின் உட்பொருள் நுணுகி நோக்கத்தக்கது. எரிப்பதையே தொழிலாக உடைய தீ, வதரியில் எரிக்கவில்லை. குளிரால் வாடி வரும் அடியார் உடம்பை இதமாகத் தழுவுகின்றது. தீயை நீர் அவிக்கவில்லை. நீரைத் தீ வற்றச் செய்யவும் இல்லை. ஒன்றையொன்று அழிக்கவல்ல இரு பூதங்கள் தத்தம் அளவில் அடங்கி நிற்றலால் அங்கே ஒரு தீர்த்தம் பிறந்தது. அளவில் நிற்றலே நன்மை தரும் என்பதனை அக்குண்டமே சொல்லாமற் சொல்லுகின்றது.

நீர் சுடுவது எவ்வாறு?

புராணம் அருளை உணர்த்துவது போல, நிலவியல் அறிவு இவ்வியப்பின் இயல்பினை உணர்த்தும். நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஆழம் செல்லச் செல்ல வெப்பம் மிகும். பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் 25 முதல் 30 பாகை வரை அது கூடும். மலைமேற் பெய்த மழையும் உருகிய பனியும் பாறை வெடிப்புகளின் வழியே கீழே இறங்குகின்றன. ஆழத்தில் வெம்மையான பாறைகளோடு நெடுங்காலம் தங்கிச் சூடேறுகின்றன. பின்னர், வேறொரு பிளவு வாய்க்குமிடத்தில், மேலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தால் உந்தப்பட்டு விரைந்து மேலெழுகின்றன. ஆறுவதற்குள் வெளிப்படுவதால் வெந்நீராகவே ஊறுகின்றன.

வரும் வழியில் பாறைகளிலுள்ள உப்புகளையும் கந்தகம் முதலிய பொருள்களையும் அந்நீர் கரைத்துக் கொள்ளும். சில ஊற்றுக்களில் கந்தக நாற்றம் வீசுவது இதனாலாகும். இமயமலையில் நிலப்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்குண்டு பெரும் பிளவுகள் உண்டாகியிருத்தலின் அங்கு வெந்நீர் ஊற்றுக்கள் மிகுதி. பாரத நாடு முழுவதும் 300க்கும் மேற்பட்ட ஊற்றுக்கள் கணக்கிடப்பட்டுள்ளன. இன்று ஒருவர் உடல்மேல் படும் வெந்நீர், முன்னொரு காலத்தில் பெய்த மழை. அது நிலத்தினுள் நெடும்பயணம் செய்து வந்து சேர்ந்த கொடை.

அன்னம் சமைக்கும் ஊற்றுக்கள்

இமயத்தில் வதரியேயன்றி வேறு வெந்நீர்த் தீர்த்தங்களும் உள்ளன. யமுனோத்திரியில் சூரிய குண்டம் என்னும் ஊற்று கொதிநிலையை நெருங்கிய சூட்டுடையது. அடியார்கள் அரிசியையும் உருளைக்கிழங்கையும் சிறு துணியில் முடிந்து அதில் இறக்கி, வெந்தபின் எடுத்து யமுனை அன்னைக்குப் படைத்துப் பிரசாதமாக உண்பர். இமாசலப் பிரதேசத்தில் பார்வதி ஆற்றங்கரையில் மணிகரண் என்னும் தலம் உள்ளது. அம்மையின் காதணி மணி நீருள் வீழ்ந்து பாதாளம் சேர, ஆதிசேடன் சீறி அதனை மேலே எறிய, அப்போது இந்நீர் வெந்நீராயிற்று என்பது அத்தலக் கதை. அங்கே சிவன் கோயிலும் சீக்கியர் குருத்வாராவும் அருகருகே உள்ளன. வருவோர் அனைவர்க்கும் வழங்கும் அன்னம் அவ்வூற்றின் சூட்டில் சமைக்கப்படுவதுண்டு. சமயம் எதுவாயினும் பசி ஒன்றே. அப்பசி தீர்க்கும் சூடும் ஒன்றே.

திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்திற்குச் செல்லும் வழியில் கௌரி குண்டம் உள்ளது. உமையம்மை சிவபெருமானை அடையத் தவம் செய்த இடம் அது. கால்நடையாகக் கேதாரம் ஏறுவோர் முன்னாளில் அங்கிருந்த வெந்நீர்க் குளத்தில் நீராடியே மலையேறினர். 2013ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நேர்ந்த பெருவெள்ளம் அக்குளத்தை அழித்தது. பல தலைமுறையினர் நீராடிய துறை ஒரு வெள்ளத்தில் மறைந்தது. தீர்த்தங்கள் என்றும் அழியாதவை என எண்ணி அவற்றை எவ்வாறும் பயன்படுத்தலாம் எனக் கருதுவோர்க்கு அது ஓர் எச்சரிக்கையாகும்.

காத்து நின்ற மன்னன்

வெந்நீர்த் தீர்த்தத்தில் நீராடும் நெறி யாது? இதற்கு விடை தரும் பழமையான நிகழ்ச்சி ஒன்று பௌத்த சமயத்தின் விநய பிடகத்தில் காணப்படுகின்றது.

மகத நாட்டின் தலைநகர் இராசகிருகம். இன்றைய பீகார் மாநிலத்தில் இராஜ்கிர் என வழங்கும் ஊர் அது. வைபார மலையின் அடியில் அங்கு வெந்நீர் ஊற்றுக்கள் உள்ளன. பாலி நூல்கள் அந்நீரைத் தபோதை எனக் குறிக்கும்.

ஒரு நாள் பிம்பிசார மன்னன் தலை முழுகுவதற்காகத் தபோதைக்குச் சென்றான். அங்கே புத்தபிரானின் துறவியர் நீராடிக்கொண்டிருந்தனர். நாடாளும் மன்னன் ஒரு சொல் சொன்னால் துறை முழுவதும் ஒழிந்து வழிவிட்டிருக்கும். ஆயினும் பிம்பிசாரன் அவ்வாறு செய்யவில்லை. பெரியோர் நீராடி முடிக்கட்டும் எனக் கருதி ஒருபுறம் ஒதுங்கி நின்றான். துறவியரோ வெந்நீரின் இதத்தில் தம்மை மறந்தனர். பொழுது சாய்ந்தது, இருளும் சூழ்ந்தது. அவர்கள் கரையேறிய பின் மன்னன் காலம் தவறித் தலை முழுகித் திரும்பினான். அதற்குள் நகர வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. தன் நகரின் மதிலுக்கு வெளியே அம்மன்னன் அவ்விரவைக் கழிக்க நேர்ந்தது.

மறுநாள் விடியலில், பூசிய நறுமணப் பூச்சும் கலையாத நிலையில், அவன் புத்தபிரானிடம் சென்றான். இவ்வளவு விடியலில் வந்த காரணம் என்ன என அவர் வினவ, நிகழ்ந்ததனை உரைத்தான். புத்தர் துறவியரை அழைத்தார். மன்னன் காத்து நிற்பதனைக் கண்டும் அளவறியாது நீராடியதற்காக அவர்களைக் கடிந்தார். அரைத் திங்களுக்கு ஒருமுறைக்கு மேல் நீராடலாகாது என விதி வகுத்தார்.

அவ்விதி அங்கேயே நின்றிருந்தால் அது தண்டனை மட்டுமே. ஆனால் புத்தர் பின்னர் விலக்குகள் சிலவற்றையும் சேர்த்தார். கோடை வெம்மையில் நீராடலாம், வேலை செய்து களைத்தோரும் வழி நடந்து வந்தோரும் நீராடலாம், புழுதிக் காற்றும் மழையும் தாக்கியபோது நீராடலாம், நோயுற்றோர் நீராடலாம். இன்பத்திற்காக நீரை ஆக்கிரமித்தல் தவறு. தேவைக்காக நீரை நாடுதல் உரிமை. இவ்வேறுபாட்டை அவ்விதி தெளிவாகக் காட்டுகின்றது. நோயாளியின் நீராடலுக்கு அறவிதியில் தனி இடம் வகுத்தமை மருத்துவ நீராடலின் வரலாற்றில் போற்றத்தக்க செயலாகும்.

ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும் இராசகிருகத்து வெந்நீர் ஊற்றுக்களைக் கண்டு, நெடுநாள் நோயுற்றோர் பலர் அங்கு நீராடி நலம் பெறுவதனைக் குறித்துள்ளார். இன்றும் வைதிகர், பௌத்தர், சமணர் ஆகியோர் அங்குச் செல்கின்றனர். இசுலாமியர் போற்றும் மக்தூம் குண்டமும் அவ்வூரில் உண்டு.

தாய்க்கு வார்த்த நீர்

ஈழத்தில் திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணமலைக்கு அண்மையில் கன்னியா என்னும் இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றின் சூடும் சிறிது வேறுபடும். அவை சிறிய, ஆழமற்ற கிணறுகள் ஆதலின் எவரும் உள்ளே இறங்குவதில்லை. வாளியால் முகந்து தலையில் வார்த்துக்கொள்வர். இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் ஆற்றுவதற்காக நிலத்தில் ஏழிடங்களில் குத்த, அவை ஊற்றுக்களாயின என்பது அங்கு வழங்கும் கதை. அப்பகுதிச் சைவத் தமிழர் இறந்தோர்க்குரிய கடன்களை அங்குச் சென்று ஆற்றும் வழக்கம் உடையவர்கள். மூன்றுலகையும் நடுங்க வைத்தவன் எனப்படும் அரக்கனும் தாயை இழந்தபோது ஒரு கை நீருக்காக நிலத்தை வேண்டி நின்றான் என்பது நெஞ்சை உருக்குவது. உடல்நோய் தணிக்கும் நீரே மனத்துயர் தணிக்கும் நீராகவும் அமைந்தமை கன்னியாவின் சிறப்பு.

பயனும் எச்சரிக்கையும்

இனி, வெந்நீர் நீராடலால் உடம்புக்கு விளையும் பயன் யாது எனின், கூறுதும். இதமான வெந்நீரில் உடல் அமிழும்போது குருதிக் குழாய்கள் விரிகின்றன. இறுகிய தசைகள் தளர்கின்றன. நீர் உடலைத் தாங்குவதால் மூட்டுகளின் மேலுள்ள சுமை குறைகின்றது. இதனால் மூட்டுவலி, முதுகுவலி உடையோர்க்கு ஆறுதல் கிடைக்கும். தமிழ் மக்கள் கிழமை முறை வகுத்து எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைமுழுகியதும் உடலைப் பேணும் கருத்தினாலேயே ஆகும். ஆயினும் இது வலி தணிக்கும் துணையே. மருத்துவர் தரும் மருந்துக்கு மாற்று அன்று. தீர்த்தமாடினேன் எனக் கூறி மருந்தை நிறுத்துதல் தீர்த்தத்தின்மேல் பழி சுமத்துதல் ஆகும்.

குருதிக் குழாய் விரிவதால் குருதி அழுத்தம் தாழும். நெடுநேரம் வெந்நீரில் இருந்து சட்டென எழுவோர் தலைசுற்றி வீழ்வதுண்டு. இதய நோயுடையோர், கருவுற்ற தாய்மார், காய்ச்சல் கண்டோர், ஆறாத புண்ணுடையோர், முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே இறங்குதல் வேண்டும். வதரி போன்ற உயர்ந்த இடங்களில் மூச்சுக்காற்றின் செறிவு குறைவாதலின் இன்னும் கருத்தாக இருத்தல் வேண்டும்.

மேலைநாட்டு வரலாறும் ஒரு படிப்பினை தருகின்றது. இங்கிலாந்தில் பாத் என்னும் நகர் உள்ளது. அச்சொல்லுக்கே நீராடல் என்பது பொருள். அங்கு 46 பாகைச் சூட்டில் நாளொன்றுக்கு 11 இலட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர் ஊறுகின்றது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னரே உரோமானியர் அங்கே சுலிசு மினர்வா என்னும் தெய்வத்திற்குக் கோயிலும், அதனை அடுத்துப் பெரிய நீராடு மண்டபமும் எடுத்தனர். அவ்வூற்றினுள் மக்கள் எழுதி எறிந்த உலோகத் தகடுகள் 130 அளவில் கிடைத்துள்ளன. அவற்றுட் பல, நீராடும்போது ஆடையையும் பொருளையும் திருடிச் சென்றவனைத் தண்டிக்குமாறு தெய்வத்தை வேண்டுவன. தீர்த்தத் துறையில் திருட்டு அக்காலத்திலும் அந்நாட்டிலும் இருந்தது போலும்!

அந்நகரில் 1978ஆம் ஆண்டு ஒரு துயரம் நேர்ந்தது. அந்நீரில் நீந்திய சிறுமி ஒருத்தி மூளைக் காய்ச்சலால் உயிரிழந்தாள். வெதுவெதுப்பான நீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத அமீபா என்னும் நுண்ணுயிர் மூக்கின் வழியே மூளையை அடைந்ததே காரணம். உடனே பொது நீராடல் நிறுத்தப்பட்டது. ஆழ்துளைகள் புதிதாக அமைத்து நீரின் தூய்மையை உறுதி செய்து, புதிய குளியல் மண்டபம் திறக்க 2006ஆம் ஆண்டு வரை ஆயிற்று. 2024, 2025ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் அமீபாவால் வரும் மூளைக் காய்ச்சலால் உயிரிழப்புகள் நேர்ந்தன. ஆகவே வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் தலை அமிழ மூழ்குதலும் பாய்தலும் தவிர்க்கத்தக்கன. முகந்து வார்க்கும்போதும் மூக்கினுள் நீர் புகாமல் காத்தல் வேண்டும். குழந்தைகளை இதில் தனியே விடலாகாது.

மூழ்காவிடில் புண்ணியம் குறையுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. நீராடல் ஏழு வகைப்படும் எனத் தரும நூல்கள் கூறுகின்றன. மந்திரம் சொல்லி நீர் தெளித்துக்கொள்வது மாந்திரம். தூய மண்ணைப் பூசுவது பௌமம். திருநீறு பூசுவது ஆக்கினேயம். ஆநிரையின் குளம்புப் புழுதி படிவது வாயவியம். வெயிலிடையே பெய்யும் மழையில் நனைவது திவ்வியம். நீரில் மூழ்குவது வாருணம். இறைவனை உள்ளத்தில் நினைவது மானசம். ஏழனுள் ஒன்றே மூழ்குதல். நோயாளிக்கும் முதியோர்க்கும் குழவிக்கும் ஏனைய வழிகளை முன்னோர் திறந்தே வைத்துள்ளனர். தீயின் பெயரால் அமைந்த ஆக்கினேய நீராடலுக்கு ஒரு சிட்டிகைத் திருநீறே போதும் என்பது எத்துணைப் பெருங்கருணை!

துறையில் நிற்கும் மற்றவர்

மெய்யன்பர்களே! பன்னெடுங்காலம் நிலத்தினுள் ஊறி வந்த நீரில் ஒருவர் நீராடுவது சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களில் சவர்க்காரத்தைக் கரைத்தல், எண்ணெய்த் தலையுடன் இறங்குதல், ஆடை துவைத்தல், உமிழ்தல், நெகிழிப் பைகளையும் பழந்துணியையும் விட்டெறிதல் ஆகியன அடுத்து வருவோர்க்குச் செய்யும் தீங்காகும். ஆற்றைப் போல் விரைந்து ஓடாமல் சிறு குண்டத்தில் நிற்கும் நீருக்கு இத்தீங்கு பன்மடங்கு. முதலில் வெளியே குளித்து அழுக்கு நீக்கி, பின் தீர்த்தத்தில் இறங்கி, இறைவனை நினைந்து, சிறிது நேரத்தில் கரையேறி, அடுத்தவர்க்கு வழிவிடுதல் நெறியாகும்.

துறைப்படியில் எப்போதும் எவரேனும் ஒருவர் காத்து நிற்கின்றார். அவர் மூட்டுவலியோடு வந்த முதியவளாக இருக்கலாம். தாய்க்கு நீர்க்கடன் ஆற்ற வந்த மகனாக இருக்கலாம். நெடுவழி நடந்து களைத்த ஏழையாக இருக்கலாம். அன்று மன்னன் காத்து நின்றபோது துறவியர்க்கு அது தெரிந்தும் உள்ளத்திற் படவில்லை. அப்பிழை இன்று நீராடுவோரிடத்தில் நிகழாதிருத்தல் வேண்டும். தன் உடல் நலத்தை வேண்டி நீரில் இறங்குபவன், கரையில் நிற்பவர் நலத்தையும் எண்ணிக் கரையேறுவானாயின், அவன் ஆடியதே தீர்த்தம். அவ்வுணர்வைத் தீயும் நீருமாய் நிற்கும் இறைவன் எல்லார்க்கும் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.